மருத்துவச் சான்று: யாசகமா? அமானிதமா?

நோய் வருவது அல்லாஹுதஆலாவின் நாட்டப்படி. அதற்கு மருந்து தேடுவது பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழி. இவ்விரண்டிலும் நம்மவர்களுக்குள் இன்று பெரிய தர்க்கம் எதுவும் இல்லை. ஆனால் மருந்தோடு சேர்த்து வேறொன்றையும் தேடியாக வேண்டிய காலத்தில் நாம் வாழ்கிறோம். அதுதான் காகிதம். இன்னாருக்கு இன்ன நோய், இன்ன தேதியில் கண்டறியப்பட்டது, இன்ன சிகிச்சை நடக்கிறது, இத்தனை நாள் அவரால் வேலை செய்ய இயலாது என்று மருத்துவர் கையொப்பமிட்டுத் தரும் சான்று. அது கையில் இருந்தால் சில கதவுகள் திறக்கின்றன. இல்லாவிட்டால், நோய் உண்மையாக இருந்தும் அக்கதவுகள் மூடியே கிடக்கின்றன.

இந்தக் காகிதத்தைத் தேடுவது பற்றி நம் மக்களிடையே மூன்று தயக்கங்கள் இருக்கின்றன. முதலாவது, "நோயை எழுதி நாலு பேரிடம் காட்டுவது ஸபுருக்கு மாற்றமல்லவா?" என்பது. இரண்டாவது, "உதவிக்காகச் சான்று கேட்டு அலைவது கையேந்துவதாகாதா?" என்பது. மூன்றாவது, வெளியே சொல்லப்படாதது: "நோயின் பெயரை நோயாளியிடமே நாங்கள் சொல்லவில்லையே! சான்றில் எழுதினால் அவருக்குத் தெரிந்துவிடுமே!" என்பது. இம்மூன்றையும் ஷரீஅத்தின் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம்.

காகிதத்தின் பின்னால் இருப்பது என்ன?

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் அடுப்பெரிவது தோல் தொழிலால்தான். நம் சகோதரர்கள் டேனரியில் தோலோடு பாடுபடுகிறார்கள். நம் சகோதரிகளில் ஏராளமானோர் விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறி ஷூ தைக்கப் போகிறார்கள். இப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், நோயின் வேதனை ஒரு பக்கம் இருக்க, அந்த மாதமே கூலி நின்றுவிடுகிறது. வேலூர் சி.எம்.சி.க்கோ, காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையிலுள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ போய்வரத் தொடங்குகிறார்கள். நோயாளி தனியாகப் போக முடியாது. துணைக்கு ஒருவர் வேண்டும். அவருடைய கூலியும் போய்விடுகிறது.

இந்த நிலையில் சட்டப்படி சில வழிகள் இருக்கின்றன. இ.எஸ்.ஐ. என்று நாம் அழைக்கும் தொழிலாளர் காப்பீடு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. இதற்காக 2019 ஜூலை முதல் தொழிலாளியின் கூலியில் 0.75 சதவீதமும், முதலாளியின் பங்காக 3.25 சதவீதமும் செலுத்தப்படுகின்றன. சாதாரண நோய்க்குக் கூலியில் 70 சதவீதம் வீதம் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை தருவது இதன் வழக்கம். புற்றுநோய் போன்ற குறிப்பிட்ட நெடுநோய்களுக்கு, வேலைக்காலமும் செலுத்திய சந்தாவும் போதுமானதாக இருந்தால், 80 சதவீதம் வீதம் 2 ஆண்டுகள் வரை நீட்டித்துத் தர வழி உண்டு. ஆனால் இவை எதுவும் வாய்ச்சொல்லுக்குக் கிடைப்பதில்லை. குறித்த காலத்துக்குக் குறித்த மருத்துவர் எழுதிய சான்று வேண்டும். இடையில் ஒரு வாரம் விட்டுப்போனால் அந்த வாரத்துக்கு உரியது நின்றுவிடும்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கி, 2012இல் இப்பெயரோடு மறுபடி அமைக்கப்பட்டது. அதற்கு ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படியேற வேண்டும். புற்றுநோயாளி சிகிச்சைக்காக ரயிலில் போனால், ஸ்லீப்பர் வகுப்பில் அவருக்குக் கட்டணமே இல்லை. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கும் ரயில்வே வகுத்த படிவத்தில் மருத்துவமனையின் கையொப்பம் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் நம் பகுதிக்கு உண்டு. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, பேரணாம்பட்டு வேலூரோடு நின்றது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. பேரணாம்பட்டில் குடியிருந்து ஆம்பூர்க் கம்பெனியில் வேலை செய்கிறவருக்கு வீடு ஒரு மாவட்டம், வேலை ஒரு மாவட்டம். எந்தக் காகிதத்தை எங்கே வாங்குவது என்பதை நோயில்லாதவனே விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு, நாவில் புண்ணோடும் கால் நடுக்கத்தோடும் கிடக்கிறவர் என்ன செய்வார்?

ஆகவே, காகிதம் என்பது வெறும் சர்க்கார் சம்பிரதாயம் என்று எண்ணிவிட வேண்டாம். அதன் பின்னால் ஒரு குடும்பத்தின் நாலு மாத அரிசி இருக்கிறது. பிள்ளையின் படிப்பு இருக்கிறது. வட்டிக்குக் கடன் வாங்காமல் தப்பிக்கும் வழி இருக்கிறது. ஹராமிலிருந்து ஒரு வீட்டைக் காக்கக்கூடிய ஒன்றை மார்க்கத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கிவிட முடியாது.

நோயைச் சொல்வது ஸபுருக்கு மாற்றமா?

ஸபுர் என்றால் வாய்மூடிக் கிடப்பது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஹழ்ரத் அய்யூப் (அலை) அவர்களை அல்லாஹ் பொறுமையாளர் என்று புகழ்கிறான். அதே அய்யூப் (அலை) அவர்கள் தமக்குத் துன்பம் நேர்ந்துவிட்டதை வாய்விட்டு ரப்பிடம் முறையிட்டதையும் அந்தக் குர்ஆனே சொல்கிறது. முறையிட்டதனால் அவர்களின் பொறுமைப் பட்டம் பறிபோகவில்லை.

"அது அல்லாஹ்விடம் சொன்னது, மனிதரிடம் சொல்லலாமா?" என்று கேட்கலாம். அதற்கும் விடை இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் கடும் காய்ச்சலில் இருந்தபோது இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அருகே வந்து, இவ்வளவு கடுமையாக இருக்கிறதே என்று கேட்டார்கள். அதற்கு நாயகம் (ஸல்) அவர்கள், உங்களில் இரண்டு பேருக்கு வரும் காய்ச்சல் அளவு தமக்கு இருப்பதாகப் பதில் சொன்னார்கள். ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தி இது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் வேதனையை மறைக்கவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை. ஒருவருக்கு வருவதல்ல, இருவருக்கு வருவது என்று அளவைச் சொன்னார்கள். அளவோடு சொல்லப்பட்ட உண்மை முறையீடு ஆகாது, அது செய்தி. மருத்துவர் எழுதித் தரும் சான்றும் அப்படிப்பட்ட செய்திதான். தக்தீரைக் குறை கூறும் ஒரு வரி கூட அதில் இல்லை. இன்ன உறுப்பு, இன்ன அளவு, இத்தனை நாள் ஓய்வு என்பதுதான் இருக்கிறது.

மருத்துவரின் சொல் நம் ஃபிக்ஹுக்குப் புதிதுமல்ல. நோயாளி ரமலான் நோன்பை விடலாமா, தண்ணீர் பட்டால் கெடுதல் என்பதற்காகத் தயம்மும் செய்யலாமா என்ற மஸ்அலாக்களில், தொழில் தெரிந்த, நேர்மையான மருத்துவரின் சொல்லை நம் ஹனபி இமாம்கள் ஓர் ஆதாரமாக ஏற்றிருக்கிறார்கள். பர்ளான நோன்பையே ஒரு வைத்தியரின் சொல்லைக்கொண்டு தள்ளிவைக்க அனுமதித்த ஷரீஅத், அதே சொல்லை எழுத்தில் வாங்கி ஒருவர் கூலியில்லா விடுப்பை மாற்றிக்கொள்வதைத் தடுக்குமா?

இது கையேந்துவதா?

இரண்டாவது தயக்கம் மானம் சம்பந்தப்பட்டது. அதை நாம் இலேசாக எண்ணவில்லை. கையேந்துவதை வெறுக்கும் குணம் நம் தோல் தொழிலாளிகளிடம் இருப்பது அல்லாஹ்வின் அருள். ஆனால் எது கையேந்துவது, எது உரிமையைப் பெறுவது என்று பிரித்தறிய வேண்டும்.

ஸஹீஹ் முஸ்லிமில் கபீஸா (ரலி) அவர்களின் ஹதீஸ் ஒன்று வருகிறது. அவர்கள் பிறருக்கிடையே சமாதானம் செய்யப் பொறுப்பேற்ற ஒரு தொகைக்காக உதவி கேட்டு வந்தபோது, கேட்பது மூன்று பேருக்குத்தான் ஆகும் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஒருவர், அப்படிப் பிறர் பொருட்டுப் பொறுப்பேற்றவர். மற்றொருவர், பேரிழப்பு வந்து சொத்தெல்லாம் அழிந்தவர். மூன்றாமவர், வறுமை பீடித்தவர். இந்த மூன்றாமவருக்கு மட்டும் ஒரு நிபந்தனை சொன்னார்கள்: அவருடைய மக்களில் விவரமறிந்த மூன்று பேர், இவரை வறுமை பீடித்தது உண்மைதான் என்று சொல்ல வேண்டும்.

இந்த ஹதீஸைப் படித்துவிட்டு, கேட்பதற்கு எத்தனை கட்டுப்பாடு பார்த்தீர்களா என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்த மூன்று சாட்சிகள் யாருக்காக என்று நினைத்துப் பார்ப்பதில்லை. கொடுப்பவர் ஏமாறாமல் இருக்க அவர்கள் வேண்டும் என்பது உண்மை. அதைவிடப் பெரிய பலன் கேட்பவருக்கே. தம் கஷ்டத்தைத் தாமே அழுது காட்டி நிரூபிக்கும் இழிவிலிருந்து அவர் தப்புகிறார். அவருக்காக மற்றவர் பேசுகிறார்கள். சான்று இருக்கும் இடத்தில் கெஞ்சலுக்கு வேலையில்லை. அக்காலத்தில் ஊரில் விவரமறிந்த மூன்று பேர் செய்ததை, நோய் விஷயத்தில் இக்காலத்தில் மருத்துவரின் எழுத்து செய்கிறது.

நம் நோயாளி தேடும் உதவிகளும் ஒரே தரத்தவை அல்ல. இ.எஸ்.ஐ.யில் வருவது அவருடைய கூலியிலிருந்து மாதாமாதம் பிடித்த சந்தாவின் பயன். அதைக் கேட்பது தம் பொருளைக் கேட்பது. அரசுக் காப்பீடு, குடிமக்களுக்கென்று சட்டம் வகுத்தது. தகுதியுள்ளவர் அதைப் பெறுவதில் இழிவு இல்லை. ஸகாத்தோ ஏழைக்கு அல்லாஹ்வே நிர்ணயித்த ஹக்கு. இம்மூன்றில் எதுவும் யாசகம் அல்ல. உண்மையில், இவற்றை வெட்கத்தால் விட்டுவிடுகிறவர்தான் நாலு மாதம் கழித்து வட்டிக்காரரின் வாசலிலோ, முதலாளியின் வீட்டு வாசலிலோ நிற்க நேரிடுகிறது. யாசகத்துக்கு அஞ்சி உரிமையை விட்டவர் யாசகத்திலேயே போய் விழுகிறார்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். புற்றுநோய் எல்லா நாளும் முகத்தில் தெரிவதில்லை. இரண்டு மருந்துகளுக்கு நடுவே நோயாளி எழுந்து நடமாடுவார். அஸருக்குப் பள்ளிக்கும் வருவார். "நல்லாத்தானே இருக்கிறார்!" என்று பார்த்தவர் சொல்லிவிட்டுப் போவார். உடல் சோர்வு, கை கால் மரமரப்பு, சாப்பாடு இறங்காமை எல்லாம் அவருக்குத்தான் தெரியும். கேட்காமல் மானத்தோடு இருப்பதால் அறியாதவன் செல்வந்தர் என்று எண்ணிவிடும் ஏழைகளைப் பற்றி ஸூரத்துல் பகராவின் பிற்பகுதியில் அல்லாஹ் சொல்கிறான். ஆரோக்கிய விஷயத்திலும் இப்படி ஒரு தோற்றம் உண்டு. உடல் மறைப்பதைச் சான்று சொல்கிறது. இதனால்தான் அது தேவைப்படுகிறது.

நோயாளியிடமே மறைப்பது

இனி மூன்றாவதும் கடினமானதுமான விஷயத்துக்கு வருவோம். நம் குடும்பங்களில் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் மகனும் மருமகனும் மருத்துவரிடம் தனியே போய், "அத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள்; கட்டி என்று மட்டும் சொல்லுங்கள்" என்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். சான்றில் நோயின் பெயர் வரும். ஆகவே சான்றை வாங்கத் தயங்குகிறார்கள். விண்ணப்பத்தில் நோயாளியின் கையொப்பம் வேண்டும். ஆகவே தாங்களே அவர் பெயரைப் போட்டுவிடத் துணிகிறார்கள், அல்லது உதவியே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு மறைப்பு, பொய்க் கையெழுத்தையும் கடனையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

இதில் நோயாளிக்கு மார்க்கம் தந்த உரிமைகள் எத்தனை பறிபோகின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள். கொடுக்க வேண்டிய கடனைச் சொல்ல வேண்டும். களாவான நோன்புகளுக்குப் பித்யா பற்றிச் சொல்லிவைக்க வேண்டும். மனம் நோகச் செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வஸிய்யத் எழுத வேண்டும். ஹழ்ரத் ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடுமையாக நோயுற்றபோது, தம் நிலையை அறிந்தே தம் சொத்தைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் வேண்டாம், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுப்போவதைவிட வசதியோடு விட்டுப்போவதே நல்லது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஸஃது (ரலி) அவர்கள் அந்த நோயிலிருந்து எழுந்து பல்லாண்டு வாழ்ந்தார்கள் என்பதும் இதில் ஒரு படிப்பினை. வஸிய்யத் பேசியதால் மவ்த்து விரைந்து வந்துவிடவில்லை. தம் நோயின் கடுமை தெரியாத ஒருவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பாவது இருக்குமா?

ஃபிக்ஹில் 'மரளுல் மவ்த்' என்று ஒரு பாடமே இருக்கிறது. மரண நோயில் ஒருவர் செய்யும் நன்கொடை வஸிய்யத்தைப் போலக் கணக்கிடப்படும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. நோய் முற்றாமல் ஒரே நிலையில் ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அவருக்கு ஆரோக்கியமுள்ளவரின் சட்டமே என்று நம் ஃபுகஹாக்கள் விவரித்திருக்கிறார்கள். அப்படியானால் நோய் எப்போது கண்டறியப்பட்டது, எப்போது முற்றியது என்ற தேதிகள் அலுவலகத்துக்கு மட்டுமல்ல, வாரிசுரிமைக்கும் வேண்டியவை. பிற்காலத்தில் அண்ணன் தம்பிகள் அத்தா எழுதிக்கொடுத்த வீட்டைப் பற்றி வழக்காடும்போது, அந்தப் பழைய மருத்துவக் காகிதம்தான் சாட்சி சொல்லும்.

"சொன்னால் மனமுடைந்துவிடுவாரே!" என்கிறார்கள். சொல்லும் முறை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கேட்கிற அளவுக்குச் சொல்லலாம். நம்பிக்கையோடு சேர்த்துச் சொல்லலாம். மருத்துவரையே மென்மையாகச் சொல்லச் செய்யலாம். முழுவதும் சொல்லாமல் இருப்பது வேறு, இல்லாததைச் சொல்வது வேறு. முதலாவதில் ஹிக்மத் இருக்கலாம், இரண்டாவது பொய். மேலும், பக்கத்துப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்தும், வார்டின் பெயரைப் படித்தும் பெரும்பாலான நோயாளிகள் தாமே புரிந்துகொள்கிறார்கள். பிள்ளைகள் மறைக்கிறார்கள் என்று தெரிந்து அவர்களும் தெரியாதவர்போல் இருந்துவிடுகிறார்கள். ஒரே வீட்டில் இருதரப்பும் தனித்தனியே அழுகிறார்கள்.

நோயாளியே, "எனக்கு விவரம் வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் அது அவர் உரிமை. அப்போது அவர் யாரை நம்புகிறாரோ அவர் பொறுப்பேற்கலாம். கடனை எழுதிவைக்கச் சொல்லும் நீண்ட ஆயத்தில், பலவீனரால் வாசகம் சொல்ல இயலாதபோது அவருடைய வலீ நீதியோடு சொல்ல வேண்டும் என்று அல்லாஹ் வழி வகுத்திருக்கிறான். நீதியோடு என்ற அந்த நிபந்தனையை மறந்துவிடலாகாது. பொறுப்பை வாங்கிக்கொண்டவர் கூட்டவும் குறைக்கவும் கூடாது.

ரகசியம் காப்பதும் மறைப்பதும்

"மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், வெளியே தெரிந்தால் என்னாவது?" என்று சில தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். குறிப்பாக மார்பிலும் கர்ப்பப்பையிலும் வரும் நோய்களைப் பெண்கள் கணவரிடம் கூடச் சொல்வதில்லை. இந்தக் கூச்சத்தின் விலை எவ்வளவு பெரியது என்பதற்கு வேலூர் வரலாற்றிலேயே சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வேதனையில் துடித்த மூன்று பெண்களின் கணவர்கள் தனித்தனியே வந்து உதவி கேட்டார்கள். அவர்களில் ஒருவர் முஸ்லிம். ஆண் மருத்துவர் பார்ப்பதை மூவரும் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதைக் கண்ட இளம்பெண் ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. இன்று பெண் மருத்துவர்கள் எங்கும் இருக்கிறார்கள். நம் பெண்களுக்குச் சாக்கு ஒன்றும் மிச்சமில்லை.

மார்க்கத்தில் நோயை ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கச் சொல்லவில்லை. தெரிய வேண்டாதவரிடம் சொல்லாமலிருப்பது ரகசியம் காத்தல், அது நல்லது. தெரிந்தாக வேண்டியவரிடம் மறைப்பதுதான் தவறு. சான்று யாருக்காக வாங்கப்பட்டதோ அவரிடம் மட்டும் காட்டினால் போதும். அதை வாங்கிய அதிகாரியும், கம்பெனி மேனேஜரும், ஜமாஅத் நிர்வாகியும் அதை அமானிதமாகக் காக்கக் கடமைப்பட்டவர்கள்.

சான்றில் பொய் கலந்தால்

இவ்வளவு மதிப்பு சான்றுக்கு உண்டு என்றால், அதில் பொய் கலப்பது எத்தகைய பாவம் என்பது விளங்கும். பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லிக்கொண்டு சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச்சாட்சியைப் பற்றிச் சொல்ல வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று ஹதீஸில் வருகிறது.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளும் இதைக் கடுமையாகவே சொல்கின்றன. பொய்ச் சான்று தரும் மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். வழங்கும் சான்றுகளுக்கு அவர் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். உள்நோயாளியின் குறிப்புகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இந்தக் கடைசி விதி நோயாளியின் உரிமை. அதைப் பணிவாகவும் உறுதியாகவும் கேட்கலாம். எழுத அறிந்தவர் எழுத மறுக்க வேண்டாம் என்று அல்லாஹ் சொல்லியிருப்பது கடன் பத்திரம் பற்றியதுதான் என்றாலும், எழுத்தறிவு ஓர் அமானிதம் என்ற பாடம் அதில் எல்லோருக்கும் இருக்கிறது.

அன்புக்காகப் பொய் எழுதலாமா? காப்பீட்டு அட்டை இல்லாத தம்பிக்கு அண்ணன் பெயரில் சிகிச்சை வாங்கலாமா? கூடாது. அந்தப் பெயரில் பதிவாகும் ரத்த வகையும் நோய்க் குறிப்பும் நாளை அண்ணனின் உயிருக்கே கேடாகலாம். நாளை உண்மையாக அண்ணன் நோயுற்றால் அவர் பங்கும் தீர்ந்திருக்கும். உண்மையான வழி தேடாமல் பொய்யான குறுக்கு வழி தேடுவது தவக்குல் அல்ல.

உண்மையைச் சரியாக எழுதச் செய்தாலே பல கதவுகள் திறக்கும். ஓர் உதாரணம் சொல்வோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் புற்றுநோய் என்ற பெயர் இல்லை. ஆனால் தொண்டைப் புற்றுக்காகக் குரல்வளையை எடுத்துவிட்டதால் நிரந்தரமாகப் பேச்சு இழந்தவர், அதில் சொல்லப்பட்ட பேச்சுக் குறைபாட்டில் வருவார். காலை எடுத்தவரும் வருவார். ஆகவே புற்றுநோய் என்று எழுதினால் மட்டும் போதாது. எது போயிற்று என்பதையும் எழுதச் சொல்ல வேண்டும். எதுவும் போகாதவர் போனதாக எழுதக் கேட்கவும் கூடாது.

அதேபோல், என்ன வேலை செய்தோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிக் குறிப்பில் ஏற்றச் செய்வது நல்லது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, தோல் தூசியை மூக்கினுள் புற்று உண்டாக்கக் கூடியது என்று 2012இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியிருக்கிறது. அதற்காக நம் பகுதியில் வரும் எல்லாப் புற்றுக்கும் தோலே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அறியாததைச் சாட்சி சொல்வதும் ஹராம்தான். செய்த வேலையைச் சொல்வது நம் கடமை. அதிலிருந்து முடிவு கட்டுவது மருத்துவரின் வேலை.

முதலாளிக்கும் ஜமாஅத்துக்கும்

இங்கே முதலாளிமார்களுக்கும் ஒரு சொல். தொழிலாளியின் பெயரை இ.எஸ்.ஐ.யில் சேர்க்காமல் விட்டவரும், கூலியில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டவரும், அந்தத் தொழிலாளி நோயில் விழும் நாளில் தர்மமாக ஐயாயிரம் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட முடியாது. அது தர்மமல்ல, திருப்பித் தரவேண்டிய ஹக்கு. வேலை செய்த நாட்களையும் கூலியையும் காட்டும் காகிதத்தைக் கேட்டால் தாமதமின்றிக் கொடுப்பதும் சாட்சியத்தின் ஒரு பகுதியே. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளமே பாவத்துக்குள்ளாகிறது என்று ஸூரத்துல் பகரா எச்சரிப்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகள் ஸகாத்தும் பைத்துல்மால் உதவியும் வழங்கும்போது சான்று கேட்பது தவறல்ல. அளவுக்கு மீறிக் கேட்பதுதான் தவறு. உடல்வலுவுள்ள இரண்டு பேர் ஸகாத் கேட்டு வந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவர்களை ஏறிட்டுப் பார்த்து, செல்வந்தருக்கும் சம்பாதிக்கச் சக்தியுள்ளவருக்கும் இதில் பங்கில்லை என்று எச்சரித்துவிட்டு, விரும்பினால் தருவதாகவும் சொன்னார்கள். எச்சரிக்கை உண்டு, வீடு புகுந்து துருவியதில்லை. ஸகாத்துக்கு மருத்துவமனையின் ஒரு கடிதம் போதும். ஸ்கேன் படங்களையும், கட்டியின் தன்மையைச் சொல்லும் பயாப்ஸி விவரங்களையும் கமிட்டி மேசையில் விரித்துப் படிக்க வேண்டிய அவசியம் என்ன?

இப்போது கைப்பேசியில் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. நோயாளியின் முகத்தையும், முழு மருத்துவ அறிக்கையையும், வங்கிக் கணக்கையும் சேர்த்து ஆயிரம் பேருக்கு அனுப்பிவிடுகிறார்கள். கொடுக்கும் நோக்கமில்லாதவரும் பார்க்கிறார். பிள்ளையின் பள்ளிக்கூடத் தோழனும் பார்க்கிறான். நோயாளி மறைந்த பிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது சிறந்தது என்றும், சொல்லிக்காட்டி நோவினை செய்து தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்றும் சொன்ன மார்க்கத்தில் இதற்கு இடமேது? உண்மை என்று நாங்கள் சான்றைப் பார்த்துவிட்டோம் என ஜமாஅத்தின் பொறுப்புள்ள இருவர் கையொப்பமிட்டால் போதும். கபீஸா (ரலி) ஹதீஸில் வந்த சாட்சிகளின் வேலை அதுதான். நோயாளியின் காகிதம் பெட்டிக்குள் இருக்கும். அவர் மானம் அவரிடம் இருக்கும்.

அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் உண்டு. ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இளைஞர் இருவர் இந்த அலைச்சலைத் தங்கள் மேல் ஏற்றுக்கொள்ளட்டும். நோயாளியின் காகிதங்களைத் தேதி வாரியாக ஒரு ஃபைலில் கோத்து, மூலத்தை வீட்டில் வைத்து நகலை மட்டும் கையில் கொண்டுபோகட்டும். இ.எஸ்.ஐ. சான்று முடியும் நாளைக் குறித்துவைத்து ஒரு வாரம் முன்னதாக நினைவூட்டட்டும். தாசில்தார் அலுவலகத்திலும் ரயில்வே கவுண்டரிலும் வரிசையில் நிற்கட்டும். நோயாளியை நலம் விசாரிப்பது முஸ்லிமின் ஹக்கு என்று ஓதியிருக்கிறோம். பத்து நிமிடம் கட்டிலருகே உட்கார்ந்து துஆ செய்துவிட்டு வருவதோடு அது முடிந்துவிடுவதில்லை. அவர் நிற்க முடியாத வரிசையில் அவருக்காக நிற்பதும் நலம் விசாரிப்பதில் சேர்ந்ததே.

முடிவாகச் சொல்வது இதுதான். மருத்துவச் சான்று நோயாளியின் பிச்சைப் பாத்திரமல்ல. அவருக்காக எழுதப்பட்ட சாட்சியம். அதைத் தேடுவது ஸபுருக்கு மாற்றமல்ல. அதை அவரிடமே மறைப்பது அன்பாகாது. அதில் பொய் கலப்பது பெரும் பாவம். அதைக் கொடுக்க வேண்டியவர் தாமதிப்பது அநீதி. அதைப் பார்த்தவர் ஊருக்குக் காட்டுவது அமானித மோசம்.

நோயாளிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! அவர்களின் ஹக்கைக் குறைவின்றி அவர்களிடம் சேர்க்கும் சாட்சிகளாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.